நிறம் பார்த்துக் கட்டிய துடைப்பம்

எங்கள் தொழிற்கூடத்தில், தார் மாதிரிக் கீல் காய்ச்சுகிற சட்டி அறைக்கு விளக்கு கிடையாது. யாருக்காகப் போடுவது? உள்ளே உட்கார்ந்து துடைப்பம் கட்டுகிற பதினோரு பேரில் ஒருவருக்கும் கண் தெரியாது. சட்டிக்குக் கீழே கேஸ் அடுப்பின் நீலம் மட்டும் ஒரு கையளவு தரையில் கிடக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கே துறைமுகத்தின் மேல் இருட்டு இறங்கிவிடும். முடிந்த துடைப்பங்களை எடுத்துவர நான் அந்த நேரத்தில்தான் உள்ளே போவேன். இருட்டுக்குள் பேச்சு மட்டும் மிதந்துகொண்டிருக்கும். கீல் கொதிக்கிற வாசனை, ஈர நாரின் வாசனை, மேல் ஜன்னல் வழியாக ஆற்றோரத்துச் சேற்று வாசனை. செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுபோகும் என்று மெதுவாகத்தான் நடப்பேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் அப்படியே நின்று கேட்டுவிட்டு, அப்புறம் தொண்டையைச் செருமுவேன். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடக்கிற மாதிரி அது ஒரு சுகம். வேறென்ன சொல்ல?

என் பெயர் ரோடா. புருஷன் போர்ட் அடிலெய்டில் கப்பல் சரக்கு இறக்கியவன், போய்ச் சேர்ந்துவிட்டான். பார்வையற்றோர் தொழிற்கூடத்தில் எனக்கு வேலையே பார்ப்பதுதான். மேலாளர் டன்ஸ்டன், லாரிக்காரன், நான், இந்த மூன்று பேருக்குத்தான் அங்கே கண். கட்டி வந்த துடைப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, குஞ்சங்களை எண்ணி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, நுனியைச் சமமாக வெட்டி, சீட்டுக் கட்டி அனுப்புவேன். வீட்டு மூலையில் சார்த்துகிற சமாச்சாரமில்லை இது. கப்பல்துறை, கம்பளிக் கிடங்கு, ஈயம் உருக்கும் ஆலை, கசாப்புக்கூடம், நகரசபைத் தெரு எல்லாவற்றையும் பெருக்குகிற முரட்டுத் துடைப்பம். இரண்டடிக் கட்டை, கட்டைக்கு எழுபத்திரண்டு துளை, துளைக்கு ஒரு குஞ்சம்.

குஞ்சம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வலது கை நார்க் குவியலுக்குள் போகும், எடைபோட்ட மாதிரி அளவாக ஒரு பிடி வரும். மேஜையில் தட்டினால் அடி சமமாகும். அடியைக் கீலில் முக்கி, நூலை நாலு சுற்றுச் சுற்றி, மறுபடி முக்கி, துளையில் வைத்து ஒரு திருகு. ஆறு மூச்சுக்குள் முடிந்துவிடும். கொதிக்கிற கீலுக்கு ஒரு விரற்கடை மேலே கை போய் வரும், ஆனால் சுட்டுக்கொள்கிறவர்கள் புதிதாக வந்தவர்கள்தான்.

எந்த வேலைக்கு எந்த நார் என்று தீர்மானிப்பது தெல்மா. டன்ஸ்டனிடம் அதற்கென்று அச்சடித்த அட்டவணை ஒன்று உண்டு. அதை அவர் சுவரில் மாட்டியிருந்தார்; யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குச் சிரிப்பு வரும். தெல்மா நாரை எடுத்துக் கீழுதட்டின் மேல் இழுப்பாள். விரலுக்குத் தோல் தடித்துப்போனது, உதடு பொய் சொல்லாது என்பாள். அறை வாசலில் நின்று டன்ஸ்டன் ஆர்டர் வாசிக்கிற காலை நேரம் எங்களுக்கு நாடகம் பார்க்கிற மாதிரி.

"கசாப்புக்கூடத்துக்கு நாப்பது. போன தடவை போனது வெந்நீர்ல கொழகொழன்னு ஆயிடுச்சாம்."

"போன தடவை கத்தாழை நார் போடச் சொன்னது யாரு?" என்றாள் தெல்மா. "அது தண்ணி குடிக்கும்னு அப்பவே சொன்னேன்."

"விலை குறைச்சலா இருந்துச்சேன்னு..."

"விலை நல்லாத்தான் இருக்கும். அங்க மாட்டுக் கொழுப்பும் கொதிக்கிற தண்ணியும் நாள் முழுக்க. ஆப்பிரிக்க நார் முக்கால் பங்கு, பனை நார் கால் பங்கு. பனையைத் தனியாப் போட்டா ஒடியும். ஆப்பிரிக்காவைத் தனியாப் போட்டா முரண்டு பிடிக்கும், மூலைக்குள்ள போகாது. சேத்து வச்சா குடும்பம் நடத்தும்."

"மாவு மில்லுக்கு?"

"அங்க கம்பி வச்சது ஒண்ணுகூடப் போகக்கூடாது. ஒரு பொறி விழுந்தா மில்லே ஆகாசத்துல பறக்கும். எண்ணெய் போட்ட கித்துள் பனை நார் குடுங்க."

"அம்மா தாயே," என்றான் சட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பெர்சி. "என் வாய்க்கு எந்த நார்னு சொல்லலையே."

"உன் வாய்க்கு இரும்புக் கம்பிதான். அதுவும் ரெண்டு நாளைக்குத்தான் வரும்."

பதினோரு பேரில் சட்டியை ஒட்டி உட்காருவது மூன்று பேர். பெர்சி, தெல்மா, அவளுக்கு நேரெதிரே அவள் புருஷன் மெர்வ். அவர்கள் மூவரும் கட்டுகிற துடைப்பம் நிறத்தில் பார்க்கச் சகிக்காது. கறுப்பு, செம்பழுப்பு, வைக்கோல் நிறம் எல்லாம் ஒரே குஞ்சத்தில் கன்னாபின்னாவென்று கிடக்கும். அதுதான் நல்ல துடைப்பம். கட்டுவதற்கு முன்னால் நாரைப் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். முதிர்ந்ததும் இளசும் எல்லாக் குஞ்சத்திலும் விழுந்தால்தான் துடைப்பம் ஒரே மட்டமாகத் தேயும்.

மெர்வ் பிறவிக் குருடன் இல்லை. பத்தொன்பது வயதில் சுண்ணாம்புச் சூளையில் கண்ணில் சுண்ணாம்பு தெறித்து, வெள்ளை படர்ந்துவிட்டது. தெல்மாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இரண்டு பேரும் இந்தச் சட்டிக்கு முன்னால் சந்தித்து, கல்யாணம் பண்ணி, என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடித்தனம். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே அவர்கள் கொல்லை. அந்த வீட்டிலும் விளக்கு எரியாது. சாயங்காலம் கடல் காற்று திரும்பி, வெயிலில் காய்ந்த தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகச் சடசடத்து ஆறுகிற நேரத்தில், அவர்கள் இருவரும் இருட்டுக்குள் நடந்து, உருளைக்கிழங்கு சீவி, ஆட்டுக்கறித் துண்டம் வறுத்து, ஒருவர் தோளை ஒருவர் தொட்டு வழிவிட்டு நகர்வதைப் பார்த்தால், தண்ணீருக்கு அடியில் எதுவோ நடக்கிற மாதிரி இருக்கும். அவள் சில நாள் உள்பாவாடையோடு முற்றத்தில் உட்கார்ந்து தலை காய வைப்பாள். தனக்குத்தானே பாடிக்கொண்டு ஆடவும் செய்வாள். பாவம், நல்ல ஜோடி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் மெர்வின் கண்ணைப் பார்த்துவிட்டு, செத்தவர் கண்ணிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம், சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வாளி நீலக்கால் நண்டு அவித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேஜையில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் உடைத்துத் தின்றோம். வெளியே கோடை உச்சம், பாலைவனத்திலிருந்து வடக்குக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மெர்வ் பேச்சை எடுத்தான்.

"நீ வேணாம்னா நான் போகலை, தெல்மா."

"நான் ஏன் வேணாங்கறேன்? உன் கண்ணு. போய் ஒட்டிக்கிட்டு வா." அவள் ஒரு நண்டுக் காலை உறிஞ்சினாள். "ஆனா ஒண்ணு. கண்ணு தெரிஞ்சா, தெரிஞ்ச அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். ஒரு நாள் கழிச்சு இல்ல, ஒரு மணி நேரம் கழிச்சு இல்ல."

"சொல்லாம இருப்பேனா?"

"சிரிக்காதே மெர்வ். நான் நாலு வயசுல அந்தக் குருட்டுப் பொண்ணுங்க விடுதிக்குப் போனேன். பதினாலு வருஷம். அங்க இருந்த மேட்ரனுங்க எல்லாம் கம்பளிச் செருப்பு போட்டிருப்பாளுங்க, சத்தமே வராது. குளிக்கிறப்போ, அழுவறப்போ, மூக்கை நோண்டறப்போ, யாரும் இல்லேன்னு நெனச்சுக்கிட்டிருப்போம். திடீர்னு காதுக்குப் பின்னாடி, 'தெல்மா, கையை எடு'ன்னு கேக்கும். எவ்வளவு நேரமா நின்னாள்னு தெரியாது. நான் பொறந்ததுலேருந்து என்னை யாரும் பாக்காத இடம் இந்த வீடு ஒண்ணுதான். இங்க எனக்குத் தெரியாம என்னை ஒருத்தர் பாத்தா, அது நீயா இருந்தாலும் நான் சேந்து இருக்கமாட்டேன். அவ்வளவுதான்."

"சத்தியமாச் சொல்வேன்," என்றான் மெர்வ்.

நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் தொட்ட பேச்சு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஏப்ரலில் ஆபரேஷன். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் வாரக்கணக்கில் படுக்கப்போட்டார்கள். ஜூன் மாதம் கட்டுப் பிரித்தபோது வெறும் மூட்டம்தான், எண்ணெய்க் காகிதத்துக்கு அந்தப் பக்கம் விளக்கு வைத்த மாதிரி. டாக்டர் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். தெல்மா அன்று மாவுக்குள் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டாள். பெர்சி, "அப்பாடா, கண்ணு வந்து இவ மூஞ்சியைப் பாத்துத் தொலைக்கணுமேன்னு பயந்தேன், தப்பிச்சே மெர்வ்," என்றான். மெர்வும் சிரித்தான். மறுநாளே சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்த துடைப்பம் அழகாக இருந்தது. கப்பல்துறைக்கு என்று கட்டியது. வெளி வரிசை முழுக்கக் கறுப்பு, அடுத்த வரிசை செம்பழுப்பு, நடுவில் வைக்கோல் நிறம். பார்டர் போட்ட விரிப்பு மாதிரி இருந்தது. அட, என்று ஒரு நிமிஷம் ரசித்தேன். அப்புறம் கட்டையைத் திருப்பினேன். அதன் முனையில் மெர்வ் தன் அடையாளமாகப் போடுகிற மூன்று வெட்டு இருந்தது.

அவனை நார்க் கிடங்குக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்ட நடிக்காதே. கண்ணு தெரியாதவன் கறுப்பைத் தனியா, செவப்பைத் தனியாக் கட்டமாட்டான். எத்தனை நாளா பாக்கறே?"

அவன் ஒரு நார் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். இப்போது நேராக என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை வந்து படுகிற விதத்தில் எனக்கே ஜாக்கெட் பொத்தான் போட்டிருக்கிறதா என்று கை போயிற்று.

"ஜூலைக் கடைசியில. சட்டிக்கடியில நீலமா ஏதோ ஆடுச்சு. கனவுன்னு நெனச்சேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூட்டம் வெலகி, எதிர்ல ஒரு கை தெரிஞ்சுது. கீலுக்கு மேல போய்ப் போய் வருது. தெல்மா கைன்னு தெரியும், ஆனா அது எவ்வளவு வேகமாப் போகுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, ரோடா. வாயைத் தெறக்க மறந்துட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் சொன்னா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பா. ஒரு வாரம் போச்சு. இப்ப எப்படிச் சொல்றது?"

"சத்தியம் பண்ணினியேடா."

"பண்ணினேன். சொன்னா அவ போயிடுவா. அவ சொன்னாச் செய்யறவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் தலையில் கட்டையால் ஒன்று போட்டிருக்கலாம். ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். பழகாத கண்ணில் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வழிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "முதல்ல ஒழுங்காக் கலந்து கட்டு. டன்ஸ்டன் பாத்தா நீ காலி," என்று சொல்லி அனுப்பினேன். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் வந்தது கறுப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று. சதுரங்கக் கட்டம்!

"ஏண்டா, கலக்கச் சொன்னா கோலமாப் போடறே?"

"நான் கலக்கத்தான் பாக்கறேன். கண்ணு கேக்கமாட்டேங்குது. ஒரு பிடி எடுத்தா, இந்த நிறத்துக்கு அந்த நிறம்னு அதுவே தேடுது. இருபத்திரெண்டு வருஷம் பட்டினி கெடந்ததில்லையா?"

"அப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு."

மூடிக்கொண்டுதான் கட்டினான். அதற்குப் பிறகு வந்தவை சரியாக இருந்தன. ஆனால் ஆகஸ்டிலிருந்தே நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வரிசை சேர்ந்து, குஞ்சத்தை எண்ணுகிற அவசரத்தில் நான் கவனிக்காமல் அனுப்பிய இருபது, முப்பது துடைப்பங்கள் கப்பல்துறையில் தேய்ந்துகொண்டிருந்தன. நானோ தினமும் சாயங்காலம் ஜன்னலில் நின்றேன். தெல்மா இருட்டில் கிழங்கு சீவுவாள். மெர்வ் கதவோரம் நின்று, வாயைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, பேசாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் பாடும்போது அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது. சொல்லட்டும், அவனே சொல்லட்டும் என்று நான் செப்டம்பரையும் அக்டோபரையும் ஓட்டினேன்.

நவம்பரில் துறைமுகத்திலிருந்து எட்டுத் துடைப்பம் திரும்பி வந்தது. ஒரு வரிசை கட்டை வரை தேய்ந்துபோக, அடுத்த வரிசை விறைப்பாக நின்றது. தரையில் வைத்துத் தள்ளினால் நொண்டியது. டன்ஸ்டன் நேராகத் தெல்மாவிடம்தான் போனார். நான் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

"நார் தேர்ந்தெடுத்தது நீதான். மட்டமான நாரைத் தள்ளிவிட்டிருக்கே. இனிமே அட்டவணைப்படிதான் எல்லாம். நீ சட்டியை மட்டும் பாரு."

"என் நார்ல கோளாறா? குடுங்க இங்க."

அவள் துடைப்பத்தை மடியில் வைத்து, உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். அப்புறம் குனிந்து, வரிசை வரிசையாக உதட்டை வைத்துப் பார்த்தாள். எதிரே மெர்வின் கை கீலுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"நார் நல்ல நார்தான்," என்றாள். "பிரிச்சதுதான் தப்பு. யாரோ பிரிச்சிருக்காங்க. முத்தலா இருக்கறது ஒரு வரிசையில சேந்திருக்கு, இளசு ஒரு வரிசையில சேந்திருக்கு. ஆனா முத்தல் இளசு பாத்துப் பிரிக்கலை, அப்படிப் பிரிச்சா இன்னும் சுத்தமா இருக்கும். நீளத்துக்கும் பிரிக்கலை. கனத்துக்கும் பிரிக்கலை." அவள் நெற்றி சுருங்கியது. "இருபது வருஷமா நார்ல கை வச்சிருக்கேன். நாரைப் பிரிக்க எனக்குத் தெரியாத வழி ஒண்ணு இருக்கா? ரோடா, நீ இங்கதானே நிக்கிறே? இது எதை வச்சுப் பிரிச்சது?"

கீல் மட்டும் பொளக் பொளக் என்று கொதித்தது.

"நிறம், தெல்மா," என்றேன்.

"நிறமா," என்றாள். அந்த வார்த்தையையும் உதட்டில் வைத்துப் பார்ப்பது போலச் சொன்னாள். கை கட்டையின் முனைக்குப் போய் மூன்று வெட்டைத் தடவியது. "எப்பக் கட்டினது?"

"ஆகஸ்ட், செப்டம்பர்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர்ல."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மெர்வ் "தெல்மா, நான்..." என்று ஆரம்பித்தான். "உன் வாயிலேருந்து இப்ப ஒண்ணும் வேணாம்," என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்துபோனாள்.

அன்று சாயங்காலம் அவன் பெட்டி வாசலில் இருந்தது. மெர்வ் அதைத் தூக்கிக்கொண்டு, பெர்சி தங்கியிருந்த விடுதிக்குப் போய்விட்டான். கண் உள்ளவனுக்குச் சட்டியில் இடமில்லை என்று டன்ஸ்டன் சீட்டுக் கிழித்ததில், அடுத்த வாரமே கம்பளிக் கிடங்கில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தான். "இத்தனை வருஷம் கட்டினேன், ஒருநாளாவது பெருக்கிப் பாத்தேனா? முதுகு முறியுது," என்று பெர்சியிடம் சொன்னானாம்.

தெல்மா செய்த காரியத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கம்பளி மூட்டைச் சாக்குகளை வாங்கிவந்து, வீட்டில் இருக்கிற ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஆணி அடித்தாள். ஒன்பது வருஷமாகத் திரை என்றால் என்னவென்றே தெரியாத வீடு அது. கொல்லையில் துணிக்கொடிக்கு இரண்டு பக்கமும் சாக்கு. வேலிக்கும் சாக்கு. வெறும் கையால் தடவித் தடவி, விரல் மேல் அடிபட்டு, சபித்துக்கொண்டே அடித்தாள். அந்த அனல் காற்றில் அடைத்த வீட்டுக்குள் அவள் எப்படி மூச்சு விட்டாளோ! பாட்டுச் சத்தமே இல்லை. என்னோடு ஒரு பேச்சு இல்லை. வேலியில் சாக்கு விழுந்த பிறகுதான், தினமும் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு உறைத்தது. என் ஜன்னலுக்குக் கீழே சமையலறைத் தரையில், நின்று நின்று தேய்ந்த இரண்டு கால் தடம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மெர்வ் வந்தான். சாயங்காலம் ஐந்து மணி. வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தெருவே கேட்க உரக்கச் சொன்னான்.

"தெல்மா, நான் மெர்வ். கேட்டு கிட்ட நிக்கறேன். வீட்டைப் பாக்கறேன். சாக்கு தெரியுது. கதவு தெரியுது. உன்னைப் பாக்கலை. அவ்வளவுதான், போறேன்."

போய்விட்டான். மறுநாளும் வந்தான். "கேட்டு கிட்ட நிக்கறேன். இன்னிக்கு மூணாவது ஜன்னல்ல சாக்கு ஒரு ஓரம் பிஞ்சிருக்கு. அது வழியாப் பாக்கலை. நீ ஆணி அடிச்சுக்கோ." உள்ளே டமார் டமார் என்று ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அதுதான் பதில். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் அசரவில்லை. மழை பெய்த நாளிலும் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. அவள் வாசற்படியில் நின்றாள்.

"இப்ப?" என்றாள்.

"இப்ப உன்னைப் பாக்கறேன்."

"நாலு மாசமா என்ன பாத்தே? மறைக்காமச் சொல்லு."

"எல்லாம் பாத்தேன். நீ பாடறது, ஆடறது. தலை துவட்டறப்போ மூஞ்சியைச் சுளிக்கிறது. ஒரு நாள் சமையலறையில உக்காந்து அழுதே, ஏன்னு தெரியலை. கேட்டிருந்தா நான் பாத்தது தெரிஞ்சிடும்னு கேக்கலை. அதுதான் பெரிய தப்பு."

"அது டாக்டர் கைவிட்டதை நெனச்சு அழுதேன், முட்டாளே. உனக்குக் கண்ணு வரலையேன்னு அழுதேன்." அவள் ஒரு படி இறங்கினாள். "எதிர்ல நின்னு பாத்திருக்கே."

மெர்வ் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே பாக்கறப்பல்லாம் சொல்லணும்," என்றாள். "ஒவ்வொரு தடவையும். நான் வேணாம்னா கண்ணை மூடணும்."

"சாகற வரைக்கும் சொல்றேன்."

"இப்ப என்ன தெரியுது?"

"கன்னத்துல மாவு."

"இதுக்குத்தான் செத்தவன் கண்ணைக் கடன் வாங்கினியா? உள்ள வா. பாத்திரத்துல ஏதாவது கறி மிச்சம் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சாக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. தெல்மாதான் பிடுங்கினாள். கடல் காற்று வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் போனது. அன்று சாயங்காலம் அந்தக் கொல்லையிலிருந்து கேட்ட பேச்சு இவ்வளவுதான்: "பாக்கறேன்." "சரி." கொஞ்ச நேரம் கழித்து, "பாக்கறேன்." "சரி, சரி." மறுபடி, "பாக்கறேன், தெல்மா." "இப்ப வேணாம், மூக்கைச் சிந்தணும்." "சரி." மூக்குச் சிந்துகிற சத்தம். அப்புறம், "ம், இப்பப் பாரு." வேலியில் சாக்கு இல்லை. நான் என் ஜன்னலில் பழைய இடத்தில், பழைய தடத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

அவள் வாளியோடு கொடிக்கு வந்தாள். ஈரத் துணியை உதறி உதறிப் போட்டாள். மேலே மேகம் சிவந்து, எல்லாத் துணிக்கும் அந்தச் சிவப்பு ஒட்டியிருந்தது. ஜன்னலை மூடிவிட்டு உள்ளே போயிருக்கலாம். காலம் பூராவும் நான் அப்படிச் செய்ததில்லை, அதனால்தான் அன்றைக்கும் முடியவில்லை.

"தெல்மா," என்றேன். "நான் ரோடா. என் ஜன்னல்ல நிக்கறேன். உன்னைப் பாக்கறேன்."

அவள் கை கொடியில் நின்றது.

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா."

உள்ளேயிருந்து மெர்வ் ஏதோ கேட்டான். அவள் பாட்டுக்கு வாளியில் இருந்த துணியை எல்லாம் ஒன்று விடாமல் போட்டு முடித்தாள். கவ்விகளை மாட்டினாள். கடைசியாக ஒரு தலையணை உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, என் குரல் வந்த பக்கமாகத் திரும்பி, இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தாள்.

"தேத்தண்ணிக் கறை போயிடுச்சான்னு பாத்துச் சொல்லு."

"போகலை," என்றேன்.

"சரி," என்று சொல்லி உறையை மறுபடி வாளியில் போட்டாள்.